சாம்சனின் முன்பல்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். பெரிய எழுத்துப் புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது, கை வைக்க இடம் தாராளமாக இருக்கும். சுரங்க ஆட்கள் குடியிருக்கிற ஸ்கெலட்டன் லைனில் இன்றைக்கும் மூச்சோடு இருப்பவர்களைக் கேட்டால் இதையேதான் சொல்வார்கள். மாற்றிச் சொல்கிறவர்கள் அந்தச் சமயம் ஊரில் இல்லாதவர்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கிறிஸ்மஸ் சமயத்தில் சாம்சனுடைய முன்பல் முறிந்தது. முறித்தது நேசமணி சுட்ட கலகலா. நேசமணி கைப் பலகாரத்தைப் பற்றி லைனில் ஒரு பேச்சு உண்டு. சுரங்கத்தில் பாறை துளைக்கிற கம்பி மழுங்கிப்போனால் தீட்டுவதற்கு அவள் வீட்டுக்குத்தான் அனுப்புவார்களாம். சாம்சன் ஒரு கடி கடித்தார். மேல்வரிசையில் நட்டநடுப் பல் பாதியாக நின்றது.

வேதத்தில் வருகிற சிம்சோனுக்குப் பலம் தலைமுடியில். ஸ்கெலட்டன் சாம்சனுக்கு முன்பல்லில். கோயில் பேண்டில் டிரம்பெட் அவருடையது. அவர் இங்கே வாயில் வைத்தால் சுரங்க ஊரின் மறுகோடி பாலகாட்டில் தூங்குகிற எருமை எழுந்து நிற்கும். ஒருமுறை ஈஸ்டர் விடியலில் அவர் ஊதியதை ஷிப்ட் சங்கு என்று நினைத்துக்கொண்டு ஒரு ஷிப்டு ஆள் முழுக்க லுங்கியோடு ஷாப்ட் வாசலுக்குப் போய் நின்றார்கள்.

பல் போனதில் ஊருக்குச் சிரிப்பு. சாம்சனுக்குச் சிரிப்பு வரவில்லை, காரணம் ஆபிரகாம்.

நேசமணியின் புருஷன் ஆபிரகாமும் சாம்சனும் சுரங்கத்தில் ஆள் இறக்கும் ஒரே கேஜில் இறங்கி, ஒரே ஆழத்து லெவலில் மரம் முட்டுக்கொடுத்தவர்கள். லைனில் யார் செத்தாலும் வீட்டிலிருந்து கல்லறைவரை பேண்ட் போகும். பெட்டியை இறக்கும்போது மற்றதெல்லாம் நின்று டிரம்பெட் மட்டும் தனியாக ஊதும். அது இல்லாமல் மண் தள்ளுவதில்லை. "நான் முன்னாடி போனா நீ ஊதணும்" என்று ஆபிரகாம் வாக்கு வாங்கியிருந்தார். இப்போது அவர் நெஞ்சு முழுக்கச் சுரங்கத்துத் தூசி. கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தபடி, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஆள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற அளவில் இழுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் பொங்கலைத் தாண்டாது என்றார். பொங்கல் தாண்டிவிட்டது. ஆபிரகாம் பல்லுக்காகக் காத்திருந்தார்.

"இன்னாடா சாம்சா, பல்லு ரெடியா?"

"இல்லடா."

"சரி... அப்ப நான்... இன்னிக்கிப் போவல."

இந்தப் பல்லைச் செய்துதர வேண்டியவன் சாம்சனுடைய மகன் இன்பராஜ். அவன் வீட்டுப் பின்னறையில் பல் லேப் வைத்திருந்தான். பிளாஸ்டரில் வார்த்த வாய்கள் அலமாரி முழுக்க அடுக்கியிருக்கும்; பாதி ஊர் அங்கே ஈயென்று இளித்துக்கொண்டிருக்கும். பஸ்ஸில் யாராவது கொட்டாவி விட்டால் முகத்தைப் பார்க்காமலே பெயர் சொல்லிவிடுவான் இன்பராஜ். அப்படிப்பட்டவனுக்கு அப்பன் பல் கைக்கு வரவில்லை.

முதலில் பிளாஸ்டிக் பல் வைத்தான். சாம்சன் ஊதினார். பல் பறந்துபோய் ஆர்மோனியத்துக்குள் விழுந்தது; இரண்டு ஞாயிற்றுக்கிழமை எந்தக் கீர்த்தனையிலும் ஒரு கட்டை மட்டும் கடகடவென்றது. அப்புறம் உள்ளே உலோகமும் மேலே வெள்ளைப் பூச்சுமாக ஒரு பல். அது பறக்கவில்லை. ஆனால் சாம்சன் ஊதிவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா நைனா?"

"மண்டக்குள்ள கோயில் மணி அடிக்குதுடா. இரும்பும் பித்தளையும் முட்டிக்கிது. இத்த எட்து போட்டுரு."

"தங்கத்துல பண்ணட்டா?"

"தங்கம் வெட்டுற ஊர்ல வாயில தங்கத்த வெச்சினு நடக்கச் சொல்றியா? செக்யூரிட்டிக்காரன் எந்தச் சந்துல பாத்தாலும் வாயத் தொற, நாக்கத் தூக்குன்னுவான். வேற எதனா இருந்தா சொல்லு."

வேறு ஒன்று இருப்பதை ராபர்ட்சன்பேட்டை ரஷ்மி டாக்டர்தான் சொன்னார். இன்பராஜுக்கு வேலை தருகிற ஒரே பல் டாக்டர் அவர். "பெங்களூர்ல இப்ப மெட்டலே இல்லாம பண்றாங்க இன்பராஜ். பீங்கான அச்சுக்குள்ள அழுத்திச் செய்யற பல். லைட் அடிச்சா உள்ள போகும், நிஜப் பல் மாதிரி. நான் உங்க அப்பா அளவ அங்க அனுப்பட்டுமா?"

சாம்சன் ஒப்புக்கொள்ளவில்லை. "பெத்த புள்ள பல்லு செய்யுறவன். என் வாயி ரயிலேறி பெங்களூர் போவணுமா?"

கடைசியில் டாக்டர் ஒரு கம்பெனிக்குப் போன் செய்தார். அவர்கள் அழுத்தும் உலையை ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சொல்லித்தர ஒரு பையனும் வருவான். சனிக்கிழமை உலை திரும்பிப் போய்விடும்.

திங்கட்கிழமை மாரிக்குப்பம் வண்டியில் அவன் வந்து இறங்கினான். பெயர் வினய், கன்னடப் பையன். சுத்தமான வெள்ளைக் கோட்டு. ஸ்டேஷனிலிருந்து லைனுக்கு வருவதற்குள் தங்கம் எடுத்த வெள்ளைக் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டுக் காற்று அடித்ததில் கோட்டு இன்னும் வெள்ளையாகிவிட்டது. உலையைப் பார்க்க லைனே கூடியது. பெரிய சோற்றுப்பானை அளவு. தலையில் ஒரு மூடி, மூடிக்கு நடுவில் ஒரு கம்பி, முன்னால் சிவப்பு எழுத்து ஓடுகிற கண்ணாடி.

இன்பராஜின் மனைவி டீனா களி கிண்டி, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்திருந்தாள். வினய் தயங்கித் தயங்கி உட்கார்ந்தவன் ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். "மேடம், அவரெக்காளு! எங்க அம்மா பண்ற மாதிரியே இருக்கு."

"இன்னும் ரெண்டு உருண்ட போடு டீனா," என்றார் சாம்சன். "புள்ளைக்கி வயிறு ரொம்புனாத்தான் என் வாயி ரொம்பும்."

சாப்பிட்டதும் பாடம் ஆரம்பித்தது. "சார், இது சிம்பிள்," என்றான் வினய். "முதல்ல மெழுகுல பல் செய்யணும். அதுக்கு ஒரு மெழுகுத் தண்டு. சுத்தியும் மாவு கரைச்சு ஊத்தணும். மாவு கல்லாச்சுன்னா அடுப்புல வெச்சு மெழுகைச் சுட்டுக் காலி பண்ணணும். உள்ள பல் அளவுக்கு ஓட்டை நிக்கும். மேல பீங்கான் கட்டி, அதுக்கு மேல அழுத்தற கம்பி. இந்த உலை காத்தெல்லாம் உறிஞ்சிட்டு, பீங்கான் தேன் மாதிரி இளகினதும் மெதுவா, மெதுவா அழுத்தும். அந்த நேரம் மட்டும் எதுவும் தொடக்கூடாது."

சாம்சன் எட்டிப் பார்த்தார். "அப்ப இந்தத் தண்டு வர்ற வழி ஷாப்ட்டு. கீழ ஓட்டை, நாம வெட்டுற எடம். இந்தக் கம்பி கேஜு. அவ்ளோதான?"

வினய் யோசித்தான். "ஆமா சார்."

"இத்த ஏண்டா பெங்களூர்லர்ந்து வந்து சொல்றாங்க?"

ஆனால் கை அப்படிச் சொல்லவில்லை. முதல் நாள் இன்பராஜ் மாவில் தண்ணீர் கூட்டிவிட்டான். அச்சு அடுப்பில் வெடித்தது. அடுத்தது, தண்டு சன்னமாகிப் போய் பீங்கான் பாதி வழியில் நின்றது. வினய் பொறுமையானவன். "தண்டு தடியா வைங்க சார். வளையக்கூடாது. பல்லோட தடியான பக்கத்துல ஒட்டுங்க." இன்பராஜ் மெழுகுப் பல்லைச் செதுக்கும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடாது. ஜன்னலுக்கெல்லாம் டீனா ஈரத்துணி கட்டினாள், மேட்டுத் தூசி வராமலிருக்க. மாலைக்குள் துணி பிளாஸ்டர் மாதிரி விறைத்துக்கொள்ளும்.

புதன்கிழமை எல்லாம் சரியாக வந்தது. அச்சில் கீறல் இல்லை. தணல் நிறத்தில் இருந்ததை இடுக்கியால் எடுத்துக் கட்டியையும் கம்பியையும் போட்டு உலைக்குள் வைத்தார்கள். மூடி இறங்கியது. கண்ணாடியில் எண் ஏறிக்கொண்டே போனது. "ஈக, இப்ப அழுத்துது," என்றான் வினய், கோயிலில் பேசுகிற குரலில்.

அப்போது பூமி ஆடியது.

அந்த ஊரில் அது புதிதல்ல. ஆழத்தில் பாறை இறுகி இறுகி ஒருநாள் வெடிக்கும். மேலே வீடு ஆடும். ஏர்பிளாஸ்ட் என்பார்கள். அலமாரியில் பாதி ஊரும் பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டது. வினய் மேஜைக்கு அடியில் போய்விட்டான். சாம்சன் ஊறுகாய் ஜாடியைப் பிடித்துக்கொண்டார். ஆடி அடங்கிய பிறகு பார்த்தால் உலையில் வெளிச்சம் இல்லை.

"கரண்ட் போச்சா?"

கரண்ட் போகவில்லை. மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. ஸ்டவ் அணைந்திருந்தது. கதவு திறந்திருந்தது. வாசலில் டீனா நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, ஷாப்ட்டுக்கு மேலே இருக்கிற பெரிய சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைனில் எல்லா வாசலிலும் ஒரு பெண் அப்படியே நின்றாள்.

"மேடம்! யாக்கே, ஏன் ஆஃப் பண்ணீங்க?" வினய் கிட்டத்தட்ட அழுதான்.

"நானா? நான் எங்க பண்ணேன்?"

அவள் பொய் சொல்லவில்லை. லைனில் பிறந்த பெண்களுக்கு அது கை தானாகச் செய்கிற வேலை. பூமி ஆடினால் மெயினை இறக்கு, அடுப்பை அணை, கதவைத் திற, வெளியே போய்ச் சக்கரம் சுற்றுகிறதா பார். சக்கரம் சுற்றினால் கேஜ் ஏறுகிறது, ஆள் வருகிறார்கள். டீனாவுக்கு எட்டு வயசில் அவள் அம்மா இதைச் சொல்லிக்கொடுத்தாள். பத்து வயசில் ஒரு நாள் இருட்டும்வரை நின்றும் சக்கரம் சுற்றவில்லை. அவள் அப்பா அந்த ஷிப்டில் இருந்தார்.

உலை ஆறியபின் அச்சை உடைத்தார்கள். உள்ளே கால் பல் இருந்தது. அழுத்துகிற கம்பி பீங்கானோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கால் பல்லா?" என்றார் ஆபிரகாம், கட்டிலிலிருந்து. "சாம்சா... கால் பாட்டு ஊதுறியா?"

"வாய மூடிக்கினு கெடடா."

"நான் மூடிக்குவேன்... நேசமணி, எனக்குக் கொஞ்சம் கஞ்சி குடு. இன்னும் ஒரு நாள்... இழுக்கணும் போலகீது."

நேசமணி இன்பராஜைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவோரம் நின்று பேசினாள். "தம்பி, சீக்கிரம் முடிச்சிருப்பா. அவரு மூச்சு வுடறது எனக்கு வலிக்குது. பல்லுன்னு ஒரு சாக்கு வெச்சினு கெடக்கறாரு. போவச் சொல்லவும் வாய் வர்ல, இருக்கச் சொல்லவும் வாய் வர்ல."

"பண்றேன் அத்த," என்றான்.

வியாழக்கிழமை ஒரு ஏற்பாடு செய்தார்கள். அச்சு உலைக்குள் போனதும் டீனாவை மாமனாரோடு தண்ணீர்க் குழாய்க்கு அனுப்பிவிட்டார்கள். இன்பராஜும் வினயும் உலைக்கு இரண்டு பக்கமும் முட்டிபோட்டு உட்கார்ந்தார்கள். எண் ஏறியது. அழுத்தத் தொடங்கியது. பூமி ஆடியது. இரண்டு பேரும் அசையவில்லை; வினய்கூட மேஜைக்கு அடியில் போகவில்லை, வெறும் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். ஆடி அடங்கியது. உலை ஓடிக்கொண்டிருந்தது. இன்பராஜ் ஸ்தோத்திரம் என்று வாயெடுத்தான்.

அதற்குள் முன்கதவு படாரென்று திறந்தது. பக்கத்து வீட்டு சிரில், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர், வெறும் உடம்போடு பாய்ந்துவந்து மெயினை இறக்கிவிட்டு மூச்சுவாங்கினார்.

"டீனா கொழாயாண்ட போறத பாத்தேன். வூட்ல யாரும் இல்ல, மெயினு ஓடினுகீதுன்னு ஓடியாந்தேன். பயப்படாதீங்க, நான் கீறேன் இல்ல?"

இன்பராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். திட்டவும் முடியாது. அந்த லைனில் பக்கத்து வீட்டு மெயினை இறக்காமல் போகிறவன் மனுஷனே இல்லை.

"தாங்க்ஸ்ணே," என்றான்.

"இதுக்கு எதுக்குப்பா தாங்க்ஸு," என்று சிரில் தூங்கப்போனார்.

வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டி. அதுவும் போனால் வேறில்லை. வினய் ஒரு யோசனை சொன்னான்: உலையைத் தூக்கிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்விடலாம். தூக்கவும் தூக்கினார்கள். டாக்டர் வீட்டுத் தெருவில் அன்று பகல் முழுக்க கரண்ட் இல்லை. திரும்பத் தூக்கிவந்தார்கள். முன்கதவைத் தாழ்போட்டு, சிரிலுக்குச் சொல்லி, லைன் முழுக்கச் சொல்லி, பாக்கி ஒன்றுதான் என்று இன்பராஜ் டீனாவைப் பார்த்தான்.

"நான் எங்கயும் போவல," என்றாள் அவள். "இப்ப தெரியுமே எனக்கு. கைய மடியில வெச்சினு உக்காந்துக்கறேன். பண்ண மாட்டேன்."

ஆனாலும் இன்பராஜ் மெயின் சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான்.

அன்றைக்கு ஆடியதை ஆடியது என்று சொன்னால் போதாது. ஓட்டுக்கூரை ஒருமுறை எழுந்து, எங்கே விட்டோம் என்று யோசித்துவிட்டு, பழைய இடத்தில் உட்கார்ந்தது. அலமாரியிலிருந்து வாய்கள் தரையில் விழுந்து உடைந்தன. டீனா எழுந்தாள். நடந்துவந்தாள். அவள் கண் இன்பராஜைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த சுவிட்சைப் பார்த்தது.

"டீனா, உக்காரு."

கை நீண்டது. அவன் பிடித்துக்கொண்டான்.

"டீனா, பீங்கான் எறங்குது. கொஞ்ச நேரம்தான்."

"நவுருங்க."

"டீனா..."

"நவுருங்கன்றேன்!" அவள் இன்னொரு கையால் அவனை அறைந்தாள். நகத்தால் கீறினாள். "அப்பா உள்ள கீறாரு! கதவத் தொறங்க, நான் பாக்கணும், அப்பா உள்ள கீறாருங்க!"

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் புதைத்த மனுஷர் அவர். அதை எப்படிச் சொல்வது? இன்பராஜ் அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான், அவள் முகத்தைப் பார்க்காமல். வினய் உலையைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கியது. சாம்சன் மூலையில் நின்று, "வுட்டுர்றா, வுட்டுர்றா, எனக்குப் பல்லு வேணாம்டா" என்றார். யாரும் விடவில்லை. உலை மட்டும் எதையும் கேட்காமல் மெதுவாக, மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தது.

அழுத்தி முடித்து உலை கூவியபோது டீனா தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துவிட்டார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மூடிப்போன பழைய லெவலில் வெடித்ததாம்; யாருக்கும் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை வினய் அச்சை உடைத்து, பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றில் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தான். உள்ளே முழுப் பல் இருந்தது. இன்பராஜ் தண்டை வெட்டி, இழைத்து, சாம்சனுடைய பக்கத்துப் பல்லில் இருக்கிற பீடிக்கறையைக்கூட ஒரு மயிர் பிரஷால் தீட்டி, மினுமினுப்பு ஏற்றினான். ஜன்னலில் பிடித்தால் வெயில் உள்ளே போய் நின்றது.

"நல்லா வந்துகீதா?" என்று கேட்டாள் டீனா, சமையலறையிலிருந்து.

"வந்துகீது."

"சரி."

பிறகு வெளியே வந்தாள். அவன் மணிக்கட்டுக் கீறலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

வினய் உலையைக் கட்டிக்கொண்டு மதிய வண்டிக்குப் போனான். ரஷ்மி டாக்டர் பல்லை ஒட்டிவிட்டு, எது ஒட்டியது என்று தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். சாம்சன் நேராக ஆபிரகாம் கட்டிலுக்குப் போய் ஈயென்று காட்டினார்.

"எதுடா?"

"கண்டுபுடி பாக்கலாம்."

ஆபிரகாம் வெகுநேரம் பார்த்தார். "தெர்ல," என்றார். "ஊதிக் காட்டாத... அது எனக்கு. அப்பறம் கேட்டுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் இரண்டாம் மணி அடிக்குமுன் போய்விட்டார்.

திங்கட்கிழமை பேண்ட் லைனிலிருந்து கிளம்பியது. சாம்சன் பேண்டுக்கு முன்னால் டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊதாமல் நடந்தார். முதல் மூச்சு ஆபிரகாமுக்கு என்றார். சைனைடு மேட்டுக் காற்றில் எல்லாருடைய கறுப்புக் கோட்டும் வெளுத்தது. பெட்டி இறங்கியது. பேண்ட் நின்றது. சாம்சன் ஓரடி முன்னால் வந்து டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு எழும்பியது.

காற்று வந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

மறுபடி ஊதினார். ஸ்ஸ் என்று ஒரு சத்தம் குழல் வழியாக வந்து குழிக்குள் இறங்கியது. யாரும் நகரவில்லை. "துக்கம் தொண்டைய அட்ச்சிக்கிச்சு பாவம்," என்றார் சிரில் பின்னாலிருந்து. பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். சாம்சன் மூன்றாவதாக இழுத்த மூச்சில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் டிரம்பெட் மேல் விழுந்தது.

இன்பராஜ் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். அசையவில்லை. விரியவில்லை. வெயிலில் பக்கத்துப் பல்லோடு பல்லாக இருந்தது. பல்லில் குறை இருந்தால் இழைத்துச் சரிசெய்துவிடலாம். பல்லில் குறையே இல்லை. அவன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். நேசமணிதான் கடைசியில் வந்து சாம்சன் தோளைத் தொட்டாள். "போதும்ணே. அவுருக்குக் கேட்டிருக்கும்."

மண் தள்ளினார்கள்.

அந்தப் பேண்டுக்கு ஒரே ஒரு போட்டோதான் உண்டு. கோயில் ஆபீஸ் அறையில் இன்னும் மாட்டியிருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். அதில் டிரம்பெட் ஆபிரகாம் கையில் இருக்கிறது. சாம்சன் நிற்பது பெரிய டிரம்முக்குப் பின்னால். இதை மாற்றிச் சொல்வது அந்தப் போட்டோ ஒன்றுதான்.